கடைசியாக வெளியே வருகிறவள்

டார்ச்சை முந்தானைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு, தியேட்டரின் பெண்கள் பக்கத்து நடைவழியில் திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள் நஞ்சம்மாள். அவள் பார்க்காத முடிவா? காதலன் கைவிட்ட நாட்டியக்காரி, தீப்பிடித்த மேடையில் ஆடிக்கொண்டே முன்னால் வருவாள். திரை வெளுத்துப்போகும். சலங்கைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு நிற்கும். "செத்தாளா, பொழைச்சாளா?" என்று முனகியபடி சனம் எழுந்திருக்கும்.

சிங்காநல்லூரில் இதற்குப் பதில் சொல்கிற ஆள் நஞ்சம்மாள்தான்.

"வெளிய வந்துட்டாளுங்க. அதனாலதான் திரை காலியாக் கெடக்குது."

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். மில்லில் ஆள் குறைத்தபோது, மற்றவர்கள் அழுதுகொண்டு ஊருக்குப் போக, இவள் நேரே தியேட்டர் முதலாளி முன்னால் போய் நின்று, டார்ச் அடித்து இடம் காட்டும் வேலையை வாங்கியவள். "எனக்கு யாரு சிபாரிசுங்க? இந்த வாய்தானுங்க!" என்பதைப் புதிதாக வருகிற ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அந்த இருட்டில் இன்றுவரை யாரையும் தடுக்கி விழ விட்டதும் இல்லை. அவளுக்கு உரிமை உள்ள பெருமை அது.

கேன்டீன் அமீர் ஹம்சாவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"நஞ்சக்கா, அந்தப் புள்ள வெந்துபோச்சுங்க. படம் எடுத்தவரே பத்திரிகையில சொல்லிப்போட்டாரு."

"அவரு கேமராவுக்குப் பின்னால நின்னவருங்க. நான் திரைக்கு முன்னால நிக்கறேன். நீங்க மொதல்ல டீக்குச் சக்கரை போடப் பழகுங்க."

அவள் தங்கை அம்புஜம் கோயில் திருவிழாக்களில் ரெக்கார்டு டான்ஸ் ஆடியவள். ஒருவனை நம்பி ஈரோட்டுப் பக்கம் போனாள், திரும்பவில்லை. போன மாதம் அங்கே வாய்க்காலில் ஒரு பெண்ணை எடுத்து அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் தெரியவில்லையாம். காலில் கிடந்த சலங்கை மட்டும் ஸ்டேஷனில் இருக்கிறது. அடையாளம் காட்டக் கூப்பிட வந்த ஏட்டை, "இந்தப் படத்தைத் தியேட்டர்ல இருந்து தூக்கட்டுமுங்க, வாரேன்" என்று நஞ்சம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இன்று மேட்டினியோடு படத்தைத் தூக்குகிறார்கள். ஏட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் காத்திருந்தார்.

திரை வெளுத்தது. சலங்கை ஓய்ந்தது. சனம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே வெளியேறியது. விசிறிகளும் நின்று, ஆளில்லாத கொட்டகை காதை அடைத்தது. அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி, யாரோ எழுந்தாற்போல, படக்கென்று மடிந்துகொண்டது.

நஞ்சம்மாள் திடுக்கிடவில்லை. டார்ச்சைத் தாழ்த்தித் தரையில் அடித்தாள். வெளிச்ச வட்டம் நடைவழியில் மெல்ல நகர்ந்தது. அசந்துபோன கால்களுக்கு வழி விடுவதுபோல, நின்று நின்று நகர்ந்தது. அதன் பக்கவாட்டில், ஓர் ஆளுக்கு இடம் விட்டு அவளும் நடந்தாள்.

"படி இருக்குது அம்மணி. பாத்து."

நிழல் விழுந்த வாசற்படியில் அமீர் ஹம்சா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தார். வட்டம் அவர் பாதத்தருகே வந்து, காத்துக்கொண்டு நின்றது.

அவர் இரண்டு காலையும் மடக்கி ஒதுங்கி வழிவிட்டார்.