ஆராய்ச்சி வட்டத்தில் ஜெயகரன்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்த் துணியும் கையுமாகச் சேர்ந்து, அதற்கே சூப்பரின்டெண்ட் ஆனவர் ஜெயகரன். பெரிய மனிதர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். ஆனால் அந்தப் பெரிய மனிதர்களே கூப்பிட்டால்? அறுபத்தெட்டாம் வருஷம் கூப்பிட்டார்கள்.

பெங்களூரில் நாலைந்து தொழிற்சாலைகளின் மூத்த அதிகாரிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி வட்டம் நடத்தினார்கள். மாதம் ஒருவர் தம் தொழிலில் புதிதாகக் கிளம்பியிருக்கும் சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆராய்ந்து வழி சொல்வார்கள். சொன்னது வெளியே போகாது என்பது விதி.

“உங்க கஷ்டத்த பெங்களூர் போயிதான் சொல்லணுமா? இங்க சொன்னா ஆவாதா?” என்றாள் மனைவி ஐடா.

“உனக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கோட்டு தைக்கக் கொடுத்தார் ஜெயகரன்.

முதல் கூட்டத்தில் சூப்பும் கட்லெட்டும் வந்தன. அதன்பின் ஒருவர் எழுந்து, கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டுக்கொண்டே போய், ‘தொழிலாளியும் ஒரு மனிதன்தான்’ என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை சாக்பீஸ் என்று ஜெயகரனுக்குச் சிரிப்பு முட்டியது. அவரும் கைதட்டினார்.

அடுத்த மாதம் அவர் முறை. சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், மிச்சமிருப்பவர்களை எப்படி நிறுத்தி வைப்பது என்று கேட்டார். வட்டத்தின் தலைவர் ராஜப்பா, இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றின் மேனேஜர். அவர் உருகிப் போனார். “இது உங்க ஒருத்தர் கஷ்டம் இல்ல சார், நம்ம எல்லார் கஷ்டமும். நானே நேர்ல வந்து ஆராயறேன்” என்றார்.

சொன்னபடி காரில் வந்து இறங்கினார் ராஜப்பா. ஒர்க்‌ஷாப்பில் பிட்டர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, சிகரெட் கொடுத்துப் பேசினார். ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் மேலதிகாரி நிற்கக் கூடாதாம். ஜெயகரன் வெளியே நின்று டீக்கும் பிஸ்கட்டுக்கும் சொல்லி அனுப்பினார்.

அறிக்கை தலையணை மாதிரி வந்தது. அதிகச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு ஆட்கள் போகிறார்கள் என்பது அதன் முடிவு. அதை அவர் படித்து முடிப்பதற்குள் காத்தவராயன் வேலையை விட்டுப் போவதாகச் சொல்ல வந்து நின்றான். இருப்பதிலேயே நல்ல பிட்டர். கூட இன்னும் மூன்று பேர். எல்லோரும் போவது ராஜப்பா கம்பெனிக்கு.

“ஆராய்ச்சிக்கு வந்த ஆளு பின்னாடியா போற? வெக்கமா இல்ல?”

“அவரு எங்கள உக்கார வெச்சி இன்னா கொறைன்னு கேட்டாருங்க,” என்றான் காத்தவராயன். “நீங்க ஒரு தபாவாச்சும் கேட்டீங்களா சார்?”

ஜெயகரனுக்கு அறிக்கையைவிட அதுதான் சுட்டது. தானும் அதே பெஞ்சில் ஸ்பானர் பிடித்தவன்தானே!

மறுநாள் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கம்பெனி கொடுத்த வீட்டில் கூரை ஒழுகுகிறது, புரமோஷன் எத்தனையோ வருஷமாக நின்றுகிடக்கிறது என்றார்கள். அதைச் சுரங்க மேனேஜரிடம் கொண்டுபோனார். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்ல விஷயம் ஜெயகரன். இங்கேயும் ஒரு ஆராய்ச்சி வட்டம் ஆரம்பிச்சிடுவோம். நீங்களே தலைவரா இருங்க.”

“கூரை ஒழுகுது சார். அதுக்கு வட்டம் எதுக்கு? ஒரு ஆளும் ஏணியும் போதும்.”

மேனேஜருக்குக் கோபம். ஆனாலும் மழைக்கு முன் சில கூரைகள் அடைபட்டன. புரமோஷன் வரவில்லை. பிட்டர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். போகிறவனைத் திட்டுவதை ஜெயகரன் விட்டுவிட்டார், கைகொடுத்து அனுப்பினார். பெங்களூருக்குக் கூட்டத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் பெங்களூர் ஸ்டேஷனில் ராஜப்பா எதிர்ப்பட்டார். தோளில் கைபோட்டு, “உங்க பசங்க தங்கம் சார்!” என்றார்.

“தெரிஞ்சிதான தோண்டிக்கினு போன,” என்று கையை எடுத்துவிட்டு, ஊருக்குப் போகும் மாரிகுப்பம் வண்டியில் ஏறினார் ஜெயகரன்.