ரெங்கம்மாவின் மூக்குப் பலூன்

ரெங்கம்மாவிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டு நகர முடியாது. "இன்னைக்கு மழை வரும்" என்றால் "அதெப்புடித் தெரியும்?" என்பாள். "பஸ் லேட்டு" என்றால் "ஏன் லேட்டு?" என்பாள். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் போய்த் திரும்பும் இடத்திலிருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு 'ஏன் ரெங்கம்மா' என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபமும் வராது. "ஏன் அப்புடிக் கூப்புடுறீங்க?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.

வேலை பிள்ளைக்காம்பராவில். காலையில் பெரட்டுக்கு, பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலை ஏறுவார்கள். பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு ரெங்கம்மாதான் எல்லாமும். அவளுக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. அதற்காக யாரும் அவளிடம் துக்கம் விசாரித்ததுமில்லை. இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று நிற்பவளிடம் என்னத்தை விசாரிப்பது? அடுப்படியில் நின்றபடியே, இது பசி அழுகை, இது ஈரத்துணி அழுகை, இது வெறும் வீம்பு என்று தொட்டில் தொட்டிலாகப் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

அந்தக் காதுக்குத்தான் கேடு வந்தது. புரட்டாசி மழையில் ஒரு தடிமன் பிடித்தது. காய்ச்சல் விட்டது, சளி விட்டது, இடது காது மட்டும் பஞ்சை அடைத்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது. ஆவி பிடித்தாள். பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டாள். ம்ஹூம், அசையவில்லை.

ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரெங்கம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கத்து மூலைத் தொட்டிலில் டிலக்சன் என்ற கைக்குழந்தை கத்து கத்தென்று கத்தியது அவளுக்குக் கேட்கவே இல்லை. பால் கொடுக்க வந்த தாய் நிரோஷா பார்த்தபோது பிள்ளை முகமெல்லாம் சிவந்து, தொண்டை கட்டி, விம்மிக்கொண்டு கிடந்தது.

"காது செவிடாப் போச்சா பெரியம்மா ஒங்களுக்கு?" என்று கத்தினாள் நிரோஷா. அவளும் அதே காம்பராவில், அதே ரெங்கம்மாவின் இடுப்பில் வளர்ந்தவள்தான். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்ப வரவில்லை. பெரட்டுக்கும் போகாமல் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். மற்றத் தாய்மாரும் பிள்ளைகளை விடும்போது ஒருமாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தோட்டத்தின் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா வந்து சொன்னார்: "கந்தசஷ்டி முடியிற வரைக்கும் பாப்பேன். நிரோஷா நம்பிப் புள்ளைய விட்டாத்தான் நீங்க இங்க இருக்கலாம். இல்லாட்டி வேற ஆளப் போட்டுட்டு ஒங்கள மலைக்கு அனுப்புறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

மலைக்குப் போக அவளுக்குப் பயமில்லை. கொழுந்து எடுக்கத் தெரியாதவளா அவள்? பிள்ளைகள் இல்லாத பகல் பொழுதுதான் பயமாக இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். பஸ் மலை இறங்க இறங்க அடைப்பு இறுகிக்கொண்டே போனது. காது டொக்டர் ஆர்த்திகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. அது உங்களுக்கு அடைச்சிருக்கு" என்றார்.

ரெங்கம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "மூக்குலருந்து காதுக்கு வழி இருக்கா? அப்ப பஸ்ஸுல எறங்கையில அடைக்குது, ஏறையில கொஞ்சம் தொறக்குதே, அது ஏன்?"

"மேல போகேக்க வெளியில காத்தழுத்தம் குறையும். உள்ளுக்கிருக்கிற காத்து தானாத் தள்ளிக்கொண்டு வெளிய வரும். கீழ வரேக்க வெளிக்காத்து உள்ளுக்குப் போகவேணும். குழாய் திறந்தாத்தானே போகும்?"

பிறகு டொக்டர் ஒரு சின்னக் குழலையும் பலூனையும் எடுத்துக் காட்டினார். ஒரு மூக்குத் துவாரத்தில் குழலை வைத்து, மற்றதை விரலால் பொத்தி, வாயை மூடிக்கொண்டு, பலூன் ஒரு ஆரஞ்சுத் தோடம்பழம் அளவுக்கு வரும்வரை மூக்காலேயே ஊத வேண்டும். ஊதியபடி விழுங்க வேண்டும். காலை, மத்தியானம், பின்னேரம். "இதுக்கும் சரிவராட்டி கொழும்புக்கு எழுதுவம். அங்க மயக்கம் குடுத்து, அந்தக் குழாய்க்குள்ளயே குட்டிப் பலூன் ஒண்டை விட்டு விரிப்பினம்."

மூக்குக்குள் பலூனா! ரெங்கம்மாவுக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது.

அவள் ஊதினாள். முதல் நாளே காம்பராப் பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தன. பலூனைக் கண்ட பக்கத்து லயத்துக்காரி "யாருக்குப் பொறந்தநாளு?" என்று எட்டிப் பார்த்தாள். "என் காதுக்கு" என்றாள் ரெங்கம்மா.

ஊதத் தொடங்கிய அன்றைக்கே கந்தசஷ்டியும் தொடங்கிவிட்டது. காது திறக்க வேண்டும் முருகா என்று முன்னமே வேண்டிக்கொண்டபடி விரதம் பிடித்தாள். அதுவும் கடும் விரதம். இரவில் கொஞ்சம் பால், பழம். பகலில் எச்சில்கூட விழுங்குவதில்லை. துப்பித் துப்பி வாய் காய்ந்துபோனது. பலூனையும் விடாமல் ஊதினாள். காதோ பிடித்த பிடியை விடவில்லை.

சூரன்போருக்கு முதல் நாள் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"சொன்னமாதிரிச் செய்தனீங்களோ?"

"ஒரு வேளை தவறல டொக்டர்."

"எங்க, செய்து காட்டுங்கோ."

ரெங்கம்மா மூக்கில் குழலை வைத்தாள். பலூன் தோடம்பழமாக உப்பியது. "இப்ப விழுங்குங்கோ" என்றார் டொக்டர். ரெங்கம்மா குழலை எடுத்துவிட்டு, எழுந்துபோய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்தாள்.

"என்னம்மா இது! ஏன் விழுங்கேல்லை?"

"சஷ்டி விரதம் டொக்டர். எச்சில் முழுங்குனா முறிஞ்சிரும்ல?"

டொக்டருக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் துப்பிக்கொண்டு திரிவா" என்றார். "விழுங்கேக்கதான் அம்மா அந்தக் குழாய் வாய் திறக்கும். ஊதிற காத்து அப்பதான் உள்ளுக்குப் போகும். விழுங்காட்டி எவ்வளவு ஊதியும் பிரியோசனமில்லை. விரதத்தை முறியுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். சூரன்போர் முடிய அடுத்த கிழமை வாங்கோ."

அடுத்த வாரமென்றால் காம்பராவில் வேறு ஆள் இருக்கும். ரெங்கம்மா பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் ஏன் கேட்டவள், ஏன் விழுங்க வேண்டும் என்று மட்டும் கேட்காமல் விட்டாளே! கேட்டிருந்தால் விரதத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டாள்.

"நான் கேட்டது காதத்தானே?" என்று மெல்லச் சொன்னாள். "முருகன் தொறக்க வந்தா, நான் உள்ளுக்க பூட்டிக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கேன். முழுங்குனா என்னதான் ஆகுது, பாத்துருவோமே."

குழலை மூக்கில் வைத்தாள். பலூன் உப்பியது. கண்ணை இறுக்கி மூடி, முருகா மன்னிச்சிரு என்று நினைத்துக்கொண்டே விழுங்கினாள்.

டொப்!

மேலே மின்விசிறி கடகடவென்றது. வெளியே யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். டொக்டர் அவளுடைய வலது காதைப் பொத்தி, இடது பக்கம் பின்னால் நின்று மூச்சுக் குரலில் ஏதோ சொல்லிவிட்டு, "என்ன சொன்னனான்?" என்று கேட்டார்.

"முருகான்னு சொன்னீங்க. ஏன் அவ்வளவு மெதுவாச் சொன்னீங்க?"

கேட்டுவிட்டு ரெங்கம்மா அழுதாள். காது கிடைத்த சந்தோஷமும், விரதம் போன துக்கமும் சேர்ந்து அடித்தன. திரும்பவும் அடைக்கும், விடாமல் ஊதுங்கோ, விடாமல் விழுங்குங்கோ என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

சஷ்டி முடிந்த மறுநாள் காலை. வெல்பெயார் ஐயா முடிவு சொல்ல வரும் நாள். தூறல். ரெங்கம்மா ஊதி, விழுங்கி, பலூனைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி கஞ்சி கிண்டினாள். இடது பக்கத்துக் கதவுக்கு வெளியே நிரோஷா பிள்ளையோடு வந்து நின்றாள். கூப்பிடவில்லை. காலடிச் சத்தமும் காட்டவில்லை. பெரியம்மாவுக்குக் காது திறந்துவிட்டதாமே, பார்ப்போம் என்றுதான் நின்றாள்.

ரெங்கம்மா திரும்பாமலே சொன்னாள்: "புள்ளைக்கு விக்கல் எடுக்குது பாரு. ஈரத்துல நிக்காத, உள்ள வந்து பாலக் குடு."

நிரோஷா உள்ளே வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்தாள். விக்கல் நின்றதும் பிள்ளையை அதே இடது மூலைத் தொட்டிலில் போட்டுத் துணியைச் சரிசெய்தாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சு, நான் போறேன் பெரியம்மா."

"போயிட்டு வா" என்றாள் ரெங்கம்மா. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.