குகைக்கோயிலில் எடுத்த கேசட்

அம்மா எடுத்த அந்த வீடியோவில் நான் இரண்டே இடங்களில் வருகிறேன். ஓரிடத்தில் என் முழங்கை மட்டும். இன்னோரிடத்தில், தள்ளி நிற்கச் சொல்லி அம்மா அதட்டியதும் விலகிப்போகும் என் முதுகு. மற்றபடி கேசட் முழுவதும் என் மாமா மகன்தான்.

அப்போது நாங்கள் ஓமானில், சோஹாரில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்தக் கோடையில் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் நானும் மட்டும் ஊருக்குப் போனோம். புதுக்கோட்டைப் பக்கம், அம்மா பிறந்த ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை, அதைக் குடைந்து செய்த ஒரு சிவன் கோயில். வாசலின் இருபுறமும் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு ஆளுயரத்துக்கு வாயில்காவலர்கள் பாறையிலேயே நிற்பார்கள். அம்மாவும் அவளுடைய தம்பியான என் மாமாவும் சிறுவயதில் மழைக்கு ஒதுங்கவும் புளியங்காய் தின்னவும் அங்கே போனவர்கள். காவலனின் மேல் முதுகை ஒட்டி நின்று யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வதும் உண்டாம்.

இப்போது அங்கே நீலப் பலகையும் இரும்புக் கதவும் வந்திருந்தன. தொப்பி, தண்ணீர் பாட்டில், ஹேண்டிகேம் சகிதம் ஏறி வந்த அம்மாவிடம் காவலாளி, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறந்த ஊரில் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று அம்மா வீடு திரும்பியும் பொருமினாள். ஆனால் உள்ளே நுழைந்ததும், விதானத்தில் சிவப்பாக ஒரு தாமரை இருப்பதை அண்ணாந்து பார்த்து, இத்தனை வருஷம் இது தெரியாதே என்று அதே காவலாளியிடம் வியந்துகொண்டிருந்தவளும் அவள்தான்.

மாமா மகன் என்னைவிடச் சில மாதங்கள் இளையவன். நான் ஷூவோடு வழுக்கிய பாறையில் அவன் வெறுங்காலோடு ஓடினான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த விளக்கத்தைக் கேமராவைப் பார்த்து ஒப்பித்தான். "பூராம் ஒரே பாறை. ஒட்டுப்போட்டது ஒண்ணுமே கெடையாது." சோஹார் கடலைப் பற்றியும் எங்கள் பள்ளி பஸ்ஸில் ஏசி இருப்பதைப் பற்றியும் நான் சேர்த்து வைத்திருந்த செய்திகளை யாரும் கேட்கவில்லை.

அம்மாவோ அவனைச் சிரிக்கச் சொன்னாள். விழுந்த பல்லின் இடத்தைக் காட்டச் சொன்னாள். முழங்கால் தழும்பைக் காட்டு, அங்கிருந்து ஓடி வா, கல் காவலனை ஒட்டி நில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் படம் பிடித்தாள். நானும் நிற்கிறேன் என்று போனேன்.

"ஒன்னயத்தான் தெனமும் பாக்குறோமே" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதையும் அவள் படம் எடுக்கவில்லை.

சோஹாருக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை மாமா வந்தார். சோஹாருக்கு வெளியே துறைமுகக் கட்டுமானத்தில் அவருக்கு வேலை. இருப்பது தொழிலாளர் கேம்ப்பில். மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த கையோடு விமானம் ஏறியவர் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. பாஸ்போர்ட் வேலைக்கு எடுத்த முதலாளியிடம், கஃபீலிடம் இருக்கிறது, அடுத்த மாதம் லீவு என்று வெள்ளிக்கிழமைதோறும் சொல்வார். அது அவருடைய பேச்சுவழக்கு என்றே நான் நினைத்திருந்தேன்.

கேசட் ஓடியது. சோற்றைப் பிசைந்த கையோடு மாமா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோனது. காவலனுக்குப் பக்கத்தில் அவன் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் வரும்போது இடுப்புக் கச்சைக்குத்தான்க்கா நின்னான். நெஞ்சுக்கு வந்துட்டானே."

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, இங்கிட்டு வா. நேரா நில்லு." என் தலையில் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "இவன் உசரம் இருப்பானாக்கா?"

"இவனவிட ஒரு விரக்கடை கூட."

என்னைப் பெற்றவள் சொன்னாள் இதை.

சாயங்காலம் மாமா என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். ஒரு துணிக்கடையில் நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்து எனக்குப் போட்டுப் பார்த்தார். காலரைச் சரிசெய்தார். தோள் தையல் தோளில் உட்காருகிறதா என்று கட்டைவிரலால் நீவினார். கையைத் தூக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். கண்ணாடியில் அந்தச் சட்டை எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. போகட்டும், கேசட் அவனுக்கு, சட்டை எனக்கு என்று மனம் கொஞ்சம் ஆறியது.

கடைக்காரர் என்னைக் காட்டி, உங்கள் மகனா என்று இந்தியில் கேட்டார்: "ஆப்கா பேட்டா?"

"ஹாங் பாய்" என்றார் மாமா.

பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, அதைவிட ஒரு சைஸ் பெரியதை மடித்துக் கட்டச் சொன்னார். ஊருக்குப் போகும் யாரிடமோ கொடுத்தனுப்பவாம். எனக்கு ஒரு மாம்பழ ஜூஸ்.

இப்போது நான் துபாயில் இருக்கிறேன். என் மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். போன வாரம் அனுப்பிய ஷூ ரெண்டு சைஸ் சின்னதுப்பா என்று போனில் சிரித்தான். தினமும் திரையில் பார்க்கிற முகம்தான். எழுந்து கதவோரம் நில்லுப்பா என்றேன். எதற்கு என்று கேட்டான். சும்மா நில்லு என்றேன். அதற்குப் பிறகு தெருவில் அவன் வயதுப் பையன்கள் யார் போனாலும் என் கண் தோள் உயரத்தை அளக்கிறது. அவர்களோடு நடந்துபோகும் அப்பாக்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

அன்று மாமாவோடு கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"மாமா பொய் சொல்றாரும்மா. கடைக்காரர்கிட்ட என்னையப் போயி அவரு மகன்னு சொல்லிட்டாரு."

மாமாவை அம்மா கண்டிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடியும் கழுவத் தொடங்கினாள். அவளும் அவர் பக்கம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.