நாளைக்கு வா என்னும் பல் டாக்டர்

ஐஸ் துண்டைப் பஞ்சில் பிடித்து, நோகிற பல்லில் வைக்கிறாள் குன்வோர். பக்கத்துப் பற்களையும் தட்டிப் பார்க்கிறாள். பிறகு மேலண்ணத்தில் விளக்கை அடித்து, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சின்னக் கொப்புளங்களைத் தேடுகிறாள். வந்தவன் வலியில் துடிக்க, "இன்னைக்குப் பிடுங்க வேண்டாம், நாளைக்கு வா" என்கிறாள். லோஃபோட்டன் தீவு மீனவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? இவள் பல் டாக்டரா, வானிலை அறிக்கையா என்று துறைமுகத்தில் கேலி நடக்கிறது.

மார்ச் மாதம் காட் மீன் சீசனில் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து பாதிப் பேருக்கு உதட்டோரம் கொப்புளத்தைக் கிளப்பிவிடும். அதிலெல்லாம் அவளுக்குச் சந்தேகமே வராது. ஆள் வாசலில் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள். "குறுகுறுன்னு இருக்கும்போதே களிம்பு போடணும். வெடிச்சப்புறம் வந்து நின்னா நான் என்ன செய்ய? காயிற வரைக்கும் பேரப்பிள்ளைக்கு முத்தம் கொடுத்தே, தொலைச்சிடுவேன்."

அவள் கையைக் கட்டிப்போட்டது ஓட்முன்ட் என்ற வயதான மீனவரின் விவகாரம். ஒரு குளிர்காலத்தில் கிழவர் இடது மேல்தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். விடிந்தால் படகு கிளம்புகிறது, பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம். எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருந்தது. இருந்தும் பிடுங்கினாள். நடுக்கடலில் அவர் அண்ணத்தின் இடது பாதி மட்டும் கொப்புளித்தது. அக்கி! நரம்பில் பதுங்கியிருந்த வைரஸ் கொடுத்த வலி அது. பல், பாவம், ஒன்றும் செய்யவில்லை. அவர் கரைக்கு வந்து மாத்திரை தொடங்குவதற்குள் காலம் கடந்துவிட்டது. புண் ஆறியது, வலி ஆறவில்லை. அந்தக் கன்னத்தில் சவரக்கத்தி பட்டால் இன்றும் அவருக்குக் கண் கலங்கும். ஒரு வார்த்தை திட்டியதில்லை மனிதர். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருக்கிறது.

போன வாரம் அவரே மறுபடி வந்தார். இந்த முறை வலது பக்கம். சொத்தை வேர்வரை இறங்கி, ஈறு சீழ் கட்டியிருந்தது; கத்துக்குட்டிகூடப் பார்த்ததும் சொல்லிவிடுவான். குன்வோர் ஐஸ் வைத்தாள், தட்டினாள், அண்ணத்தைப் பார்த்தாள். மரத்துப்போக ஊசியும் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை. ஸ்வோல்வரில் நல்ல டாக்டர் இருக்கிறார், அனுப்பி வைக்கிறேன் என்றாள்.

"அவன் யாரோ எவனோ," என்றார் கிழவர், மரத்த உதட்டோடு. "நீ தப்புப் பண்ணினது அந்தப் பல்லுல. இது வேற பல்லும்மா."

கிழவர் தட்டிலிருந்த பல் பிடுங்கும் குறட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டு, சாய்ந்து படுத்து, வாயைத் திறந்தார்.