மறுதலித்தவர்கள்

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. ஒன்பது வயதில் அது முழுக்க அம்மாமேல் இருந்தது. மிச்சத்தை ஞாயிறு பள்ளி டீச்சருக்கு வைத்திருந்தேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்தோம். அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா கொழுந்து பறித்தாள். அவளுடைய அண்ணன், சம்பள நாளில் எனக்கு வர்க்கி வாங்கி வருகிற என் மாமா, அதே தோட்டத்தில் செடிகளுக்குக் கவாத்து வெட்டினார். வெள்ளைக்காரத் துரை போய் நம்ம ஊர்த் துரை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் தர வேண்டிய கம்பளி மட்டும் அந்த வருஷம் வரவில்லை. கம்பளி வராமல் வேலைக்கு இறங்க மாட்டோம் என்று ஆட்களைத் திரட்டியது மாமாதான். இரண்டொரு நாளில் யாரோ ஆபீஸ் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் வந்து கையில் கிடைத்த ஒருவரைக் கொண்டுபோனது. அவர் திரும்பி வந்தபோது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்த அன்றே மாமா காணாமல் போனார்.

டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்டது தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கின் மனைவியை. ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் பாடம் நடத்துவார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் என்பதால் பேதுருவின் கதை நடந்துகொண்டிருந்தது. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன இரவில், குளிருக்கு நெருப்பண்டை நின்றுகொண்டே அவரைத் தெரியவே தெரியாது என்று சாதித்துவிட்டு, பிறகு வெளியே போய் அழுத பேதுரு. உயிரே போனாலும் அப்படிச் சொல்லாதவன்தான் சீஷன் என்றார் டீச்சர். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தது. கிளார்க் எல்லார் முன்னாலும் அம்மாவைக் கூப்பிட்டு அண்ணன் எங்கே என்று கேட்டார். அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தது தெரிந்தாலும் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். நான் அம்மா இடுப்பில் கட்டியிருந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்படி ஒருத்தன் எனக்கு அண்ணனே இல்லைங்க. தலைமுழுகிட்டேன்" என்றாள் அம்மா. குரல் நடுங்கக்கூட இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.

"பேதுருவாச்சும் அழுதாரு. நீ அழவே இல்லை."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தட்டுச் சோற்றைத் தூக்குப்போசியில் வழித்துப் போட்டுக்கொண்டு, விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லி, மஞ்சு மூடிய மேல்காட்டுப் பக்கம் ஏறிப் போனாள். வரும்போது போசி காலி. அந்த வாரம் முழுவதும் நான் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டேன். அவளும் தினமும் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடப் பிறந்தவனையும் கைவிட்டு, பெற்ற பிள்ளையின் சோற்றையும் தனியாக உட்கார்ந்து தின்கிற பொம்பளை என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு டீச்சர், ஆண்டவரை மறுதலிக்க மாட்டேன் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். எல்லாக் கைகளும் மேலே போயின. நான் எழுந்து நின்றேன்.

"எங்கம்மா மறுதலிச்சிருச்சுங்க டீச்சர். மாமாவே இல்லைன்னு சொல்லிருச்சு. என் சோத்தையும் போசியில போட்டுக்கிட்டு மேல்காட்டுல போயித் தின்னுட்டு வருது."

டீச்சரின் முகம் வெளுத்தது. அவருடைய பையன் முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் ஓடிவந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"இதுக்கு உடம்பு கொதிக்குது. காய்ச்சல்ல பொலம்புது" என்றார்.

எனக்குக் காய்ச்சலே இல்லை. சத்தியத்தைச் சொன்னவளைப் பைத்தியமாக்கிவிட்டு, பாடத்தைப் பாதியில் நிறுத்தி, என்னைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தார். லைன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல்காட்டைக் காலி பண்ணச் சொல்லிருங்க. நாளைக்கு அங்கதான் தேடப் போறாங்க. எங்க ஊட்டுக்காரர் சொல்லிட்டு இருந்தாரு."

அம்மா அப்போதுதான் அழுதாள். இரண்டு பொய்க்காரிகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் மேல்காட்டிலிருந்த பழைய கொட்டகையில் போலீசுக்குச் சாம்பல்தான் கிடைத்தது. மாமா மைசூர்ப் பக்கம் பிழைத்துக் கிடக்கிறார் என்ற சேதி வெகுநாள் கழித்து வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு டீச்சர் வரவில்லை. பிறகு வந்தபோது ஒரு கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. குளிக்கிற அறையில் வழுக்கி விழுந்தேன் என்றார். அவர் பையன் தலையைத் தூக்கவே இல்லை. நடந்ததை வீட்டில் போய்ச் சொன்னவன் அவன்தான். அவனும் சின்னப் பிள்ளை. கேட்டுவிட்டுக் கை ஓங்கினாரே அந்தக் கிளார்க், கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும்விட உரக்கப் பாடுகிற மனிதர், அவர்மேல்தான் இன்றுவரை எனக்கு வயிறு எரிகிறது.

அன்று அது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. சீஷன் என்றால் யார் என்று டீச்சர் மெல்லக் கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேரே பார்த்து, "பொய் சொல்லாதவங்க" என்றேன்.

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். கன்ன வலியில் அதற்கு மேல் அவரால் வாயைத் திறக்க முடிந்திருக்காது. எனக்குப் பதில் சொல்ல முகமில்லாமல் நிற்கிறார் என்று நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.