என் வலிக்கு இவர் சொன்ன பதில்

என் உடம்பைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது என் வீட்டுக்காரர்தான். மதுரையில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டதை, வாக்கிங் போய் இளைத்தாள் என்று சொல்லிவைத்திருந்தார். நிஜம் தெரிந்தால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்களாம்.

கடை ஷட்டரை இழுத்ததற்கே மணிக்கட்டு உடைந்தது. எலும்பு பலமிழந்திருக்கிறது என்ற சங்கரன்கோவில் டாக்டர், என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"முன்னால ஏதும் ஆபரேஷன்?"

"சிசேரியன் மட்டுந்தான் சார்," என்றார் இவர். கை வலியில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எலும்புக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்தது வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. சுருக்கிய இரைப்பையில் நாலு வாய்க்குமேல் தண்ணீர் இறங்கினால்தானே. மாத்திரை போட்ட நாளெல்லாம் நெஞ்சு எரிந்தது.

மறுபடி போனபோது, "இப்ப எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கா சார்," என்றார் இவர்.

"நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க. நாஞ் சொல்லுதேன்," என்றேன் இவரிடம்.

முழுதும் கேட்ட டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். "இந்த வயித்துக்கு இது ஆகாதும்மா. கால்சியம், வைட்டமின் டி முதல்ல சரியாகட்டும். பிறகு நரம்புல மருந்து ஏத்திக்கலாம்."

மருந்து ஏற்றிய அன்று, "அக்கா, வலிக்குதா?" என்றாள் நர்ஸ். இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

வலிக்கத்தான் செய்தது. அதை நானே சொன்னது நன்றாக இருந்தது.