வேல்விழி வாயில் வராத வார்த்தை

தனுஷ்கோடி சார் சாத்தூரில் வக்கீல். நான், நல்லசிவம், அவருடைய குமாஸ்தா. பட்டாசு விபத்து வழக்கென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அரசு வேலைத் தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன் என்று சாக்பீஸைப் பிடித்தால் எனக்கு எரியுமா, எரியாதா? "கிறுக்குப் பிடிச்சிருச்சா சார்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

எல்லாம் வேல்விழியால் வந்தது. அச்சங்குளத்துப் பெண். காய்ச்சலோடு பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போன அன்று வெடிமருந்து வெடித்து, வலது கை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வழக்கு ஜெயித்த அன்று அவள் கேட்டாள்: "கேசு முடிஞ்சிருச்சு சார். இனி நான் என்ன செய்ய?"

அன்றைக்குத்தான் சார் கோட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் அவளைப் போன்றவர்களுக்குப் பாடம் நடத்துவதும், அவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதுமே அவருக்கு வேலையாயிற்று.

வேல்விழி படிப்பில் கெட்டி. ஆனால் விடைத்தாளில் நாலு வட்டம் நிரப்புவதற்குள் கை இழுத்துக்கொள்ளும். அவள் சொல்லச் சொல்ல நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அதற்கு மருத்துவக் குழுவின் ஊனச் சான்று வேண்டும். சான்று கொடுக்கும் முகாமில் டாக்டர், "எழுத முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை முத்து முத்தாக எழுதிக் காட்டிவிட்டு வந்து நிற்கிறாள்! ஊனம் போதாதென்று சான்றை மறுத்துவிட்டார்கள்.

"ஏ புள்ள, உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

அவள் அம்மா மாரித்தாய் குறுக்கே வந்தாள். "முடியாதுன்னு சொன்னா கம்பெனி வேன்ல ஏத்த மாட்டாகய்யா. எங்க வாயில அது வராது."

சார் திட்டவில்லை. மறுபடி சோதிக்கச் சொல்லி மனுப் போட்டார். "உள்ளதை உள்ளபடி சொல்லும்மா, போதும்" என்று மட்டும் வேல்விழியிடம் சொன்னார்.

மறுசோதனை அன்றும் மாரித்தாய் மகளின் கையைத் துப்பட்டாவால் மூடித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். வேல்விழியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போச்சுடா, இந்தத் தடவையும் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மாரித்தாய் துப்பட்டாவை விலக்கினாள். "முடியாதுய்யா. எம் புள்ளையால முடியாது."

டாக்டர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். சான்று கிடைத்தது.

வெளியே வந்ததும் மாரித்தாய் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "காய்ச்சக்காரி வேலைக்கு வருவாளான்னு அன்னைக்குப் போர்மேன் கேட்டாரு. வருவான்னு நாந்தானய்யா சொன்னேன். இந்த வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா எம் மகளுக்குக் கை இருந்திருக்குமே!"

சார் வேறு பக்கம் திரும்பி நின்றார். வேல்விழி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டிப்போன அந்தக் கையாலேயே அவள் கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டாள்.